பதிவு செய்யப்பட்ட எண்

படிவத்தில் இரண்டே கட்டம்:
பழைய எண், புதிய எண்.
நீலப் பேனா உமையாளுடையது.
அவள் போன ஆவணியிலேயே மாற்றிவிட்டாள்,
வீட்டில் சொல்லாமல்.

மூன்று வருஷமாக என் உதவித்தொகை
புதுவயல் அரிசி மில்லுக்குள்தான் மணியடித்தது.
தேர்வுக் கட்டணம் கட்டுவதென்றால்
அப்பாவின் சட்டைப் பையில்
ஆறு இலக்கம் வந்து விழும்.
நெல் அவியும் ஆவிக்கு நடுவே
கண்ணாடி இல்லாமல் வாசிப்பார்:
"நாலு... எட்டு...
இது ஒண்ணா ஏழா தெரியலையே ஆத்தா."
அதற்குள் நேரம் முடிந்துவிடும்.
மறுபடி அனுப்பு என்று அழுத்துவேன்.
மறுபடி தவிடு, பெல்ட்டுச் சத்தம்.

கேட்டு அவர் தராமல் இருந்ததில்லை.
எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.
ஆனாலும் நான் கேட்க வேண்டியிருந்தது.
அதுதான்.

காரைக்குடிக் கிளையில் கவுன்ட்டர்க்காரர்
கையெழுத்தைப் பார்த்தார், சே. அழகுமீனாள்.
"அப்பா வரலையாம்மா?"
"எனக்கு இருபது முடிஞ்சிருச்சு சார்."
கேள்விக்கு அது பதிலில்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள்
காலேஜ் ரோட்டில் சாத்துக்குடி ஜூஸ்.
என் கைக்குள்ளேயே போன் அதிர்ந்தது:
நாற்பது ரூபாய் எடுக்கப்பட்டது.
ஏதோ பரிசு விழுந்ததுபோல் நான் சிரிக்க
கடைக்காரர் ஒருதரம்
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து
ராத்திரி ஷிப்ட்டுக்கு முன்னால் அப்பா:
"போன் கெட்டுப்போச்சா என்னன்னு தெரியலை.
பேங்க் மெசேஜே வரமாட்டேங்குது.
நீ சாப்பிடுறியா இல்லையா?"

அப்போதுதான் தெரிந்தது.
கணக்கெழுதும் பிரான்சிஸ் அண்ணன்
ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறார்.
திங்கட்கிழமை ஐந்நூறு என்றால் மெஸ் கட்டிவிட்டேன்.
நூறு நூறாக என்றால் கையில் இல்லை;
மறுநாளே "மில்லுல போனஸ்" என்று
ஆயிரம் வந்ததெல்லாம் அப்படித்தான்.
மாட்டுத்தாவணி ஏ.டி.எம். என்று வந்த நாளும் தெரியும்,
புனே படிப்புக்கு நான் நேர்காணல் போன நாள்.
விடுதியில் இருக்கிறேன் என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு
"சரி ஆத்தா" என்றிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது,
யார் மேல் என்று பிறகுதான் தேட வேண்டியிருந்தது.

"நம்பர் மாத்திட்டேன்பா. என் நம்பருக்கு."
பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தது.
"அப்ப இனிமே நீயாச் சொன்னாத்தான்."
"ஆமாப்பா."
"சரி. சாப்பிட்டியா?"
"சாப்பிட்டேன்."

சாப்பிட்டிருக்கவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மெஸ் மூடியிருந்தது.
ரோட்டைத் தாண்டி இரண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட்.
போன் அதிர்ந்தது,
ஐம்பத்தைந்து ரூபாய்,
எனக்கு மட்டும்.