உள்விலாசம்

நாலு மஞ்சள் ஓட்டை, ஒரு நீல ஓட்டை.
நான் நீலத்தில் குத்திவிட்டுக்
கால் மணித்தியாலம் குந்தியிருந்தேன்.
லெப்டொப் என்னை யாரென்றும் கேட்கவில்லை.

காத்தான்குடிக் கடையில் முனாஸ் காக்கா
பெட்டியைக் கட்டித் தரும்போதே சொன்னவர்:
"மஞ்சளில குத்துங்க தங்கச்சி,
நீலம் வெளியால வாறதுக்கு."
ஆட்டோ ஆரையம்பதிக்குத் திரும்புமுன்னே மறந்துபோனேன்.
தலைக்குள் வேறு சத்தம்.

தவசீலன் முன்வாசலில் மோட்டார் சைக்கிள் துடைக்கிறார்.
துடைத்த இடத்தையே துடைக்கிறார்.
கூட்டாளியின் வானுக்கு, லீசிங் கொம்பனியில்,
என்னிடம் ஒரு சொல் கேளாமல்
பிணைக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்
இடியப்பத்துக்குச் சொதி ஊற்றியபடி சொன்னார்,
உப்புக் கூடியதைச் சொல்வதுபோல.

மூன்று நாள்.
மகள்தான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள்.
"அம்மா கேக்கிறா, கரண்ட் பில் கட்டியாச்சா?"
"அப்பா சொல்றார், கட்டியாச்சாம்."
சிலது பாதியாய்ப் போய்ச் சேரும்.
சிலதை அவளே விழுங்கிவிடுவாள்,
நல்லதுக்குத்தான்.
இப்போது அவளும் ரியூசனுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை எனக்கு வேலை தொடங்குகிறது.
கொழும்பில் ஓடு விற்கும் கொம்பனி ஒன்றின் பற்றுச்சீட்டுகளை
இந்த மேசையிலிருந்து பதியவேண்டும்.
மேசை என்றால்
தையல் மெஷினின் பலகை.

மஞ்சளில் குத்தினேன்.
சின்னதாய் ஒரு பச்சை.
அணைந்தது, மறுகா துடித்தது,
கண்ணில் தூசு விழுந்த ஆளைப்போல.

மறுகா விலாசம் அடிக்கவேண்டும்:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி,
நூற்று அறுபத்தெட்டு, புள்ளி,
ஒன்று, புள்ளி, ஒன்று.
பக்கத்து வீட்டுக்கும் இதேதானாம்.
கல்லடியிலும் கல்முனையிலும்
கடல் தாண்டியும் எத்தனையோ வீட்டில் இதேதானாம்.
தபால்காரன் செத்தான்.
வெளியில் நின்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்பார்.
வீட்டுக்குள் நின்று கூப்பிட்டால்தான் கதவு திறக்கும்.

எனக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு.
அடையாள அட்டையில் இல்லை,
அம்மா வைத்ததும் இல்லை.
கலியாணமான புதிதில்
கரப்பானுக்குப் பயந்து நான் கட்டிலில் ஏறி நின்ற இரவில்
தவசீலன் வைத்தது.
இங்கே அதை எழுதமாட்டேன்.

கடவுச்சொல் கேட்டது.
அது ரவுட்டரின் வயிற்றில் ஒட்டிக் கிடக்கிறது,
எறும்பின் கையெழுத்தில்.
என் கண்ணாடி கால் ஒட்டக் கடையில் கிடக்கிறது.
இரண்டு தரம் பிழைத்தது.
ஐந்து தரம் பிழைத்தால் பூட்டிக்கொள்வேன் என்றது.

கதவு நிலையில் நிழல்.
துடைத்த துணி இன்னும் தோளில்.
கேளாமலே எடுத்துக் கவிழ்த்தார்,
யன்னல் பக்கம் சரித்தார்.
"பெரிய கே," என்றார்.

மூன்று நாளைக்குப் பிறகு முதற்சொல்.

"ஏழு. சின்ன எம். மறுகா...
எல்லோ ஒண்டோ தெரியல்ல."
"ரெண்டையும் அடிச்சுப் பாக்கிறன்."
"எல்தான். ஒண்டுக்கு மூக்கு இருக்குமே.
மறுகா ரெண்டு எட்டு. பூச்சியம். பெரிய டபிள்யூ."

எட்டு எழுத்து.
ஒவ்வொன்றையும் தட்டும்போது தேடினேன்,
மன்னிப்பு என்று எதிலும் இருக்கவில்லை.
உள்ளே விட்டது.

வலைக்கு என்ன பெயர் என்று கேட்டது.
"என்ன வைக்கிற?" என்றேன், திரையைப் பார்த்தே.
அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

"தெருவெல்லாம் பாக்கும்," என்று
கதவிலக்கத்தை அடித்தேன்.
காது சுட்டது.

மூலையில் ஒரு வரி வந்தது:
இணைக்கப்பட்டது. இணையம் இல்லை.

"வேலை செய்யல்லையா?"
"லைன் இழுக்கிற ஆக்கள் சனிக்கிழமைதான் வருவாங்க.
இப்ப இது ரெண்டும் தங்களுக்குள்ள மட்டும் கதைக்குது."

அவர் மஞ்சள் வயரின் நுனியை
ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.
டிக்.
ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"அந்த லீசிங் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாங்க," என்றேன்.
"எனக்குக் கண்ணாடி இல்ல.
நீங்கதான் வாசிக்க வேணும்.
எல்லா எழுத்தும்."