கழித்தது போக

முப்பந்தலுக்குத் தெற்கே
காற்றாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகையில்
ஜேசிபியின் பல்லில் இடறியது தாழி.
ஞானசிகாமணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினானாம்.
"பானையாக்கும்னு நெனச்சேன் மேடம்,
பாத்தா உள்ள பல்லு."

ஆடி மாதம்.
கணவாய்க் காற்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு போகும்,
எழுதிய சீட்டைக் கொண்டுபோய்
ஆரல்வாய்மொழித் தண்டவாளத்தில் போடும்.
பதினோரு நாள் குப்புறக் கிடந்து பிரித்தோம்:
கருப்புச் சிவப்புக் கிண்ணம்,
கத்தியாக இருந்திருக்கக்கூடிய துரு,
உமி பதிந்த ஒரு கை மண்,
இரண்டு தொடையெலும்பு.
தலையில், இரண்டு மழையும் தின்றதுபோக
அடிப்பாகம் மட்டும்.

அது போதும்.
உடம்பிலேயே கெட்டியான எலும்பு
காதுக்குள் இருப்பது.
தாடை பொடிந்து உமியோடு உமியாய்க் கிடக்க
காது அப்படியே இருந்தது
இரண்டு பக்கமும்.
வலது காதை வடக்கே அனுப்பினோம்.
அங்கே அதைத் துளைத்து மாவாக்குவார்கள்.
இந்தக் காற்றைக் கேட்ட எலும்பு
கடைசியாக ஒரு துளைப்பான் சத்தத்தை
உள்ளே வாங்கியிருக்கும்.

அதற்குள் சேதி பரவிவிட்டது.
வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர்
சங்கத்துக் காலண்டரோடு வந்தார்.
"எங்களுக்க ஆளுதானே, எழுதிரலாமில்லியா?"
மறுநாள் இன்னொரு சங்கம், இன்னொரு காலண்டர்.
ஓய்வுபெற்ற தாசில்தார் நின்றபடியே கேட்டார்,
பாண்டிச் சீமையிலிருந்து வந்தவங்களா
மலையாளக் கரையிலிருந்தா என்று.
வராதவர்களாகவும் இருக்கலாம் என்றேன்.
சிரித்துவிட்டுப் போனார்.
தேநீர் கொண்டுவரும் லீலாபாய் மட்டும்
குழியை எட்டிப் பார்த்து
"பிள்ள பெத்தவளா?" என்றாள்.

ஏழு மாதம் கழித்து வந்தது அறிக்கை.
மனிதத் துணுக்குகள் நூற்றில் ஒன்றுக்கும் கீழே.
மற்றதெல்லாம் மண்ணின் நுண்ணுயிர்.
அந்த ஒன்றுக்கும் கீழேயிலும் முக்கால்வாசி
களப்பணியாளர் 4.
கழிக்கப்பட்டது.

களப்பணியாளர் 4 நான்தான்.
டெல்பின் ராணி, ஊர் மிடாலம்.
எங்கள் கலப்படத்தை அடையாளம் காண
முதல் நாளே எல்லோரும் எச்சில் கொடுத்திருந்தோம்.
முகக்கவசத்துக்குள் நான் ஒரு தும்மல் தும்மியிருக்கிறேன்,
அல்லது அந்தக் காதருகே குனிந்து
ஏதோ சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில்
கரிமணல் கதிர்வீச்சு என்று ஒரு குழு வந்து
பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி
ரத்தம் எடுத்தது.
ஆளுக்கொரு பன்னும் பாலும்.
ததேயு மயங்கி விழுந்தான், அவனுக்கு இரண்டு பன்.
என்ன கண்டார்கள் என்று
யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

சொன்னது இந்தப் பட்டியல்தான்,
பின்னிணைப்பில், நீக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழே:
பணியாளர் 4, தாய்வழி எம் இரண்டு.
இந்த நிலத்தில் ஐம்பதாயிரம் ஆண்டாவது இருக்குமென்று
கணக்கிடுகிறார்கள் அந்த வழியை.
தாழிக்கு வயது இரண்டாயிரத்து ஐந்நூறு.
அம்மைக்கு அம்மைக்கு அம்மை என்று
பெயரே இல்லாமல் நடந்து
மத்திப் பொரிக்கிற அடுப்பு வரை வந்தவர்களை
ஒரே வரியில் படித்து
அந்த வரியின் மேல் கோடு கிழித்திருந்தது.
பஸ் வள்ளியூர் தாண்டும்வரை
அந்தப் பக்கத்தை மடித்து மடித்துப் பார்த்தேன்.

என்னைக் கழித்தது போக மிச்சம்
எதையும் சொல்லப் போதாது.
ஆணா பெண்ணா, தெரியாது.
முதல் காலண்டர்காரர் போன் செய்தார், அதையே சொன்னேன்.
"இல்லேன்னு சொல்லலியே" என்றார்.
அடுத்த வருஷக் காலண்டரில் தாழி வந்தாலும் வரும்.
லீலாபாயிடம் சொன்னபோது
தம்ளர்களைக் கவிழ்த்தபடி சொன்னாள்:
"கிண்ணம் வச்சு அனுப்பிருக்காவ இல்லியா.
ஆருக்கோ வேண்டியவதான்."

காற்றாலை நாற்பதடி தள்ளி நிற்கிறது இப்போது.
சாயங்காலம் இறக்கையின் நிழல்
மூடிய குழியைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

இடது காது பெட்டியில் இருக்கிறது.
அதன் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை.