பக்கம் 143

வால்பரைசோவில் மழை. பயணிகள் குறைவு.
கேபின் மேலே போய்க் கீழே வருவதற்குள்
ஒரு பக்கம் ஓடும், சில சமயம் ஒன்றரை.

பெனிக்னோ, லாயத்துப் பையன், பதினான்கு வயது.
வெள்ளிக் கரண்டி ஒன்றைக் காணோம்.
கங்காணியின் சாட்டை இறங்குகிறது.
அந்த அடியைச் சொல்லும் வாக்கியம் அவ்வளவு அழகு,
நான்கு முறை வாசித்தேன்.
பிறகுதான் உறைத்தது:
நான்கு முறை அடி வாங்கியிருக்கிறான்
என் வாய் ருசிக்காக.

மூடினேன். டீ ஃப்ளாஸ்க்குக்கு அடியில் ஒன்பது நாள்.
அதுவும் சரியா, தெரியவில்லை.
பக்கம் முடிகிற இடத்தில் கை மறுபடி ஓங்கியிருக்கிறது.
அவன் தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறான்.
பாதி மலையில் நான் கேபினை நிறுத்தினால்
உள்ளிருப்பவர்கள் கண்ணாடியைத் தட்டுவார்கள்.
இவனுக்குத் தட்டவும் ஒன்றுமில்லை.

"மையும் தாளும்தானே, எர்சிலியா,"
சக்கரத்துக்கு எண்ணெய் போட வந்த எலியோதோரோ சிரித்தான்.
சரிதான். அவனுக்கு வலிக்காது.
எனக்கு இனித்ததே,
அதை யார் கணக்கில் எழுதுவது?

நூலகத்தில் தாமதத்துக்குத் தண்டனை உண்டு:
ஒன்பது நாளைக்கு வேறு புத்தகம் கிடையாது.
சீட்டில் என் பெயர் மட்டும்.

கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
ஒரே முறை, வேகமாக,
ஒட்டிப்போன கட்டைப் பிரிப்பதுபோல்.

கரண்டி குதிரைத் தொட்டியில் கிடந்ததாம்.
கதையில் யாரும் அதை அவனிடம் சொல்லவில்லை.

நான் சொன்னேன்.
உதடு அசைந்ததை நூலகர் பார்த்துவிட்டார்.