ஐம்பது, அறுபது

கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம்.
டிராமின் விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டு
கையுறையைப் பல்லால் உருவி
கைபேசியைத் திறக்கிறேன்.
ஒரே செயலி. அதற்குள் நாற்பத்துச் சொச்சம் இயந்திரங்கள்,
ஒயர் இல்லை, தூசி இல்லை,
வாயால் ஊதிச் செருக வேண்டிய அட்டையும் இல்லை.

வூச் நகரத்துச் சந்தையில் அப்பா வாங்கிய மஞ்சள் அட்டையில்
9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது.
உள்ளே ஏழுதான்.
மற்றதெல்லாம் அதே ஏழு, சட்டை மாற்றிக்கொண்டு.
அந்தப் பொய்யை
முப்பது வருடம் கழித்து
இந்தச் செயலி மெய்யாக்கியிருக்கிறது.

தேடி எடுத்தேன்:
லாந்தரோடு கடலுக்குள் இறங்குகிறவன்.
மூன்றாம் குகை. விலாங்கு.
எங்கள் கட்டடத்தின் நான்கு வாசல்களிலும் சேர்த்து
அதைத் தாண்டியவள் நான் ஒருத்தி.
எப்படி என்று காட்டித்தர
எரிக் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொடுத்தான்.

இந்த வாரம் பதினோரு முறை செத்தேன்.
விரல் போகுமுன் விலாங்கு போய்விடுகிறது.
பாட்டும்
பின்னால் நாய் துரத்துவதுபோல் ஓடுகிறது.
பின்னோக்கி என்று ஒரு பொத்தான் உண்டு,
அழுத்தினால் சாவு சுருண்டு உள்ளே போகும்.
அழுத்தவில்லை.
ஜானெட்டா, உனக்கு நாற்பத்திரண்டு, கண்ணாடியை மாற்று
என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன்,
அமைப்புகளின் அடியாழத்தில்:
பகுதி. வினாடிக்கு அறுபது.
அதன் கீழே, மங்கலாக, ஐம்பது.
தொட்டேன்.

பாட்டு ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்தது.
விலாங்கு என்னைப் பார்த்தது,
யோசித்தது,
பிறகு பாய்ந்தது.
முதல் முயற்சியிலேயே தாண்டினேன்.

சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்திருக்கும்.
எங்கள் வீட்டு டிவி
வினாடிக்கு ஐம்பது முறைதான் கண் சிமிட்டியது;
ஆட்டமும் அதோடு சேர்ந்து
ஆறில் ஒரு பங்கு சோம்பிக் கிடந்தது.
ஒஸாகாவில் ஏதோ ஒரு பிள்ளை
முழு வேகத்தில் தாண்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும்.
நான் வென்றது
தண்ணீர் கலந்த விலாங்கை.

எரிக் இப்போது ரோட்டர்டாமில் கூரை வேய்கிறான்.
எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்,
மணியைத் திருப்பிக் கேட்பானோ என்ற பயத்தோடு.
நள்ளிரவில் பதில்:
"அந்த மெதுவிலும் தோற்றவன் நான்.
கொஞ்சம் என்னையும் நினைத்துப் பார்."

சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடத்து ஓட்டுநர் திரும்பினாள்.

இன்று அறுபதுக்கே மாற்றி வைத்தேன்.
பன்னிரண்டாம் சாவு.
இருந்தாலும் இந்த முறை வாலைத் தொட்டேன்,
தொட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழு நிமிடம் முடிந்தது. கதவுகள் மூடுகின்றன.
முன்னால் பழைய தண்டவாளம்,
மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்று பலகை.
பத்தில்தான் போகிறேன்.
பின் இருக்கையில் ஒருவர்
கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்.