வேலந்தாவளம், இரவு 2.17

செக்போஸ்ட் கேமராவில்
நான்கு விநாடி இருக்கிறாள்.
கோழி லாரிக்கும் வைக்கோல் லாரிக்கும் நடுவே
ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு,
பெட்ரோல் தீர்ந்துபோன எந்தப் பெண்ணையும்போல.
நம் ஏட்டு சடையப்பன்
மேடு வரை தள்ளிவிட்டும் இருக்கிறார்.

மூன்று பிணம்.
மூன்று சட்டைப்பையிலும்
குலுக்கலுக்கு முந்தைய கேரளா லாட்டரி.

பாலக்காட்டு இன்ஸ்பெக்டர் சுகுணன் கேட்டார்:
"உங்களுக்கு அவளைப் பிடிக்கணுமா, பார்க்கணுமா?"
நல்ல தமிழில்தான் கேட்டார்.
மலையாளம் புரியாதவன் மாதிரி
டீயை ஊதினேன்.

அந்த நான்கு விநாடியை
எத்தனை தடவை ஓட்டினேன் என்பது
கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்.
மூன்றாவது விநாடியில் கொட்டாவி விடுகிறாள்.
புறங்கையால் வாயை மூடிக்கொள்கிறாள்,
பக்கத்தில் யாரும் இல்லாதபோதும்.
யார் வளர்த்த பிள்ளையோ.

இன்று காலை
என் பைக் டேங்க் கவருக்குள் ஒரு சீட்டு.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
ரேகைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

மணி மூன்றரை.
எல்லைக்கு அந்தப் பக்கம்
லாட்டரிக்கடைப் பலகை முன்னால் நிற்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் யாரோ
வண்டியை உருட்டி வரும் சத்தம்.

இருக்கட்டும்.
முதலில்
நம்பரைப் பார்த்துவிடுகிறேன்.