சுவரேறியவை

கஞ்சிக்கோட்டில் இருபது டிகிரி என்பது
ஒரு அலமாரிக்குள் மட்டும்தான்.
வெளியே ஆடிக்காற்று
லாரிகளின் தார்ப்பாயை உரித்துக்கொண்டு
கணவாய்க்குள் நுழைகிறது.
ஆய்வுக்கூடக் கதவை ஒரு உடம்பு புகும் அளவுக்கே திறப்பேன்.
போன வாரம் காற்றோடு பூஞ்சை வந்து
பன்னிரண்டு தட்டில் பச்சை மயிர் முளைத்தது.
அத்தனையும் குப்பைக்கு.

ஒருமுறை ஐஸ்பெட்டியை மடியில் வைத்து
சாவடியிலிருந்து பஸ்ஸில் வந்தேன்.
வாளையாறு செக்போஸ்ட்டில் காக்கிச்சட்டை
மூடியைத் தட்டிக் கேட்டார்: "ஜீவனுண்டோ?"
உண்டுங்க, முன்னூறு இருக்கும் என்றேன்.
தட்டை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார்.
ஆறி உறைந்த கஞ்சி மாதிரி வெறும் பாகு.
சிரித்து, போகச் சொன்னார்.

லென்சுக்குக் கீழே
அது கண்ணாடிப் புழு.
தொண்டை துடிப்பது தெரியும்,
வயிற்றில் முட்டை வரிசை தெரியும்.
பாக்டீரியாப் படலத்தில் போன இடமெல்லாம்
தன் வளைவையே எழுதிவிட்டுப் போகும்.
தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது செல்.
நரம்பு முன்னூற்று இரண்டு.
எது எதிலிருந்து பிறந்து எங்கே போய் நின்றது,
முழு வம்சாவளியையும் சுவரில் ஒட்டியிருக்கிறார் ஸ்மிஜா டாக்டர்.
வளரும்போதே சாகவென்று பிறந்த செல் நூற்று முப்பத்தொன்று.
அவற்றுக்கும் தனித்தனியே பெயர் இருக்கிறது.

என் வேலை எண்ணுவது.
பிளாட்டினக் கம்பியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு,
மூக்கருகே மெல்லத் தொடுவேன்.
தலை அசைந்தால் உயிர்.
அசையாவிட்டால் மறுபடி. அப்புறமும் ஒருமுறை.
பிறகுதான் கோடு.

இன்று பதினேழாம் நாள், நான்காம் தட்டு.
உயிர் பதினொன்று. கோடு பதினாறு.
முப்பதில் மூன்று குறைகிறது.

சாய்த்துப் பார்த்தேன்.
பாகு முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் சுவரில்
காய்ந்த நூல்துணுக்காக இரண்டு.
சோறு தண்ணீர் எல்லாம் கீழே இருக்க
எதற்கு ஏறியதோ.
மூன்றாவது கிடைக்கவேயில்லை.

வந்த புதிதில் இதையெல்லாம் சாவில் சேர்த்தேன்.
டாக்டர் அடித்துத் திருத்தினார்,
தொட்டுப் பார்க்காததைச் செத்ததென்று எழுதக்கூடாதாம்.
வலது கோடியில் அதற்கென்றே ஒரு கட்டம்:
விடுபட்டவை.

வெள்ளிங்கிரி மதுக்கரையில் சிமெண்டு ஏற்றிக் கிளம்பியது
ஒரு புதன்கிழமை.
எல்லை வரிசையில் லாரி நின்றது, சாவி அதிலேயே,
சீட்டுக்கடியில் திறக்காத தூக்குப்போசி.
இங்கே கேட்டால் பாலக்காடு என்றார்கள்,
பாலக்காட்டில் கோயமுத்தூர் என்றார்கள்.
ஏழு வருஷம் ஆகட்டும், அப்புறம் சர்டிபிகேட் என்றது தாலுகா ஆபீஸ்.
இது நாலாவது.
மூன்றரை நாளுக்கு ஒரு தலைமுறை என்றால்
ஏழு வருஷத்துக்குப் புழுவில் எழுநூற்று முப்பது.
பஸ்ஸில் போட்ட கணக்கு.

கல்யாண வீடுகளில்
சீர்த்தட்டை என் கையில் கொடுக்கலாமா என்று
அவர்களுக்கு இன்னும் குழப்பம்.
நீட்டுவார்கள், பாதியில் வேறொருத்தி வாங்கிக்கொள்வாள்.
குங்குமம் மட்டும் என் புடவையில் கொஞ்சம் சிந்தும்.

கம்ப்யூட்டரில் வரைபடம் ஒவ்வொரு படியாக இறங்குகிறது.
ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படி.
விடுபட்டவைக்கு இறக்கம் கிடையாது,
கோட்டின் மேல் ஒரு சின்னக் கீறல்.
கடைசியாகப் பார்த்த நாள்வரை உயிரோடிருந்தது.
அதற்கு மேல் அந்தக் கீறல் ஒன்றும் சொல்வதில்லை.

மூன்று என்று எழுதினேன்.
ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிறது.
தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி
அலமாரியைச் சாத்தினேன்.

பிறகு திறந்தேன்.
நான்காவதை எடுத்து
மறுபடி விளக்கில் சாய்த்தேன்.