எட்டு மணி வெயில்

கிழங்குவேர் வந்து பத்து நாளாகிறது.
ஈரச் செய்தித்தாளில் சுற்றி, குளிர்பெட்டியில்
வெண்ணெய்க்கும் கடுகுக் குப்பிக்கும் நடுவே
படுத்திருக்கிறது.
ஒரு விரல் நீளம்.
இருபது அடி ஏறும் என்கிறான்
மாடியில் குடியிருக்கும் எஃப்ரைன்.
ஏறட்டும். எங்கே?

மில்வாக்கியின் தெற்குப் பக்கம்.
இந்த வீட்டில் தும்மினால்
அந்த வீட்டில் வாழ்த்துச் சொல்லும் தெரு.
எங்கள் கொல்லை
பதினோரு எட்டு நீளம், ஆறு எட்டு அகலம்.
அதிலும் பாதியைக் கார் கொட்டகை தின்றுவிட்டது.
மீதியில் இரண்டு குப்பைத் தொட்டி,
லெஷெக் என்றைக்கோ பழுது பார்க்கப்போகிற சைக்கிள்,
ஒரு துணிக்கொடிக் கம்பம்.

ஹாப்ஸ் கொடிக்கு வேண்டியது
எட்டு மணி நேர வெயில்,
காற்று, கயிறு, உயரம்.
நிழலில் வைத்தால் இலையெல்லாம் மாவு பூத்துவிடுமாம்.

மார்ச்சில் பனி பாதி வரைபடம் போட்டுத் தந்தது.
வேலியோரம் கடைசிவரை கரையாமல்
அழுக்காகக் கிடந்தது ஒரு திட்டு.
அங்கே கூடாது.
குப்பைத் தொட்டிப் பக்கம் எரிவாயு மீட்டர்.
மாதாமாதம் ஆள் வருவார்.
அங்கேயும் கூடாது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு
சாக்கட்டியோடு உட்கார்ந்தேன்.
மணிக்கு ஒருமுறை
வெயிலின் ஓரத்தைத் தரையில் வரைந்தேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
கோட்டுக்குள் கோடு.
மாலை ஆறுக்கு எழுந்து நின்று பார்த்தால்
எல்லாக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம்
தெற்குச் சுவரோரம், கம்பத்தடியில்,
ஒரு கோணிப்பை அளவு மண்.

அந்த மண்ணில் குபா.

நாள் முழுக்க
நாயைச் சுற்றியே கோடு போட்டிருக்கிறேன்.
பதின்மூன்று வயது. பின்னங்கால் இரண்டும் விறைப்பு.
நான் ஒரு ஞாயிறு செலவழித்துக் கண்டதை
அது சாக்கட்டி இல்லாமல்
எப்போதோ கண்டுவைத்திருக்கிறது.

"கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டுமே" என்றான் லெஷெக்.
வேரோடு வந்த சீட்டை எடுத்து நீட்டினேன்.
அடியில், எறும்பு எழுத்தில் ஒரு வரி:
நாய் தின்றால் உடம்பு கொதித்துப்போகும்.
அவன் அதை இரண்டுதரம் வாசித்தான்.
பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
கொட்டகைக்குப் பின்னால், சந்துப் பக்கம் போனான்.

அங்கே மதியம் இரண்டுக்கு மேல்தான் வெயில்.
சிமெண்டுக்கும் சுவருக்கும் இடையே
ஒரு முழ மண். அதில் பாதி ஆணியும் கண்ணாடியும்.
மே பாதியில் நட்டோம்.
"இருப்பதிலேயே மோசமான இடம்" என்றான் எஃப்ரைன்,
மாடிப்படியில் நின்று.
நல்ல இடத்தில் ஆள் இருக்கு என்றேன்.

ஜூனில் கயிற்றைப் பிடித்தது.
லெஷெக் இடப்பக்கமாகச் சுற்றிவிட்டான்.
விடிவதற்குள் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு
வலப்பக்கம் திரும்பியிருந்தது.
அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை.

செப்டம்பரில் இருபத்துமூன்று காய்.
எண்ணியது லெஷெக்.
ஒரு குவளை பியருக்கும் காணாது.
ஒன்றைப் பிட்டேன்.
மஞ்சள் தூள் விரலெல்லாம் ஒட்டி,
ஆரஞ்சுத் தோலும் ஈரப் புல்லுமாக மணத்தது.

சோப்புப் போட்டு இரண்டுமுறை கை கழுவினேன்.
பிறகு கம்பத்தடிக்குப் போய்
அதன் வயிற்றைச் சொறிந்தேன்.
மணி நாலு.
மண் இன்னும் சுட்டது.